சுறாவின் வாயைக் கட்டியவர்

இரும்புக் கூண்டுக்குள் நின்றுகொண்டு பெரிய வெள்ளைச் சுறாவைப் பக்கத்தில் பார்க்கும் வீடியோக்கள் இப்போது எல்லோருடைய போனிலும் வருகின்றன. பதுளையில் என் வகுப்புப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். "சேர், நம்ம நாட்டுல முத்துக்குளிச்சவங்களுக்கும் இப்பிடிக் கூண்டு இருந்திச்சா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் கூண்டின் கதை. 1963இல் தென் அவுஸ்திரேலியாவில் ரொட்னி ஃபொக்ஸ் என்ற இளைஞரை வெள்ளைச் சுறா கடித்துக் குதறியது. நூற்றுக்கணக்கான தையல்களுடன் உயிர் பிழைத்தார். அதன் பிறகு, சுறாவைப் பாதுகாப்பாகப் பார்க்கவென்று அவரே கூண்டு செய்தார். இன்று அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் அது பெரிய சுற்றுலாத் தொழில். காசு கட்டி இறங்குகிறார்கள்.

இனி நம்முடைய மன்னார்க் கடலுக்கு வருவோம். அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி. இந்தக் கரைகளில்தான் முத்துச் சலாபம் நடந்தது. தமிழர், சோனகர், கீழக்கரையார், பாரசீக வளைகுடா அரபிகள் எல்லோரும் வந்து குளித்தார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றிக்கொண்டு இறங்குவார்கள். கையில் சிப்பிக்கூடை. ஒரே மூச்சு, சுமார் ஒரு நிமிடம். கூண்டு கிடையாது.

கூண்டுக்குப் பதிலாக ஒரு மனிதர் இருந்தார். கடற்கட்டி என்று பெயர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். இது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் மட்டுமல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவே இதை எழுதியிருக்கிறார். கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், திருடர்கள் இறங்காமல் இருக்க!

பிறகு பிரித்தானியர் வந்தார்கள். மந்திரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனாலும் கடற்கட்டியை வைத்துக்கொண்டார்கள். ஏனென்றால், அவர் இல்லாவிட்டால் ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு வேடிக்கை சொல்கிறார். பரம்பரைக் கடற்கட்டிக்கு அன்று சுகமில்லை. ஆகவே ஒரு பதிலாளை அனுப்பியிருந்தார். அந்த ஆளுக்கு மந்திரமே தெரியாது. ஆனாலும், தான் யாருடைய ஆள் என்று சுறாக்களுக்குத் தெரியும் என்றாராம். அந்தக் குடும்பத் தலைவர் கத்தோலிக்கர் என்பதும் யாருக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை.

சுறா கடித்த சம்பவங்கள் மிகக் குறைவு என்றும் டென்னன்ட் எழுதுகிறார். நூற்றுக்கணக்கான வள்ளங்கள், கூச்சல், கல்லும் கூடையும் விழும் சத்தம், இவற்றுக்குப் பயந்து சுறா விலகிப் போயிருக்கலாம் என்பது அவருடைய கணிப்பு.

அப்படியானால் கடற்கட்டியால் என்ன பயன்? இந்த இடத்தில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும். 1803இல் நூல் வெளியிட்ட ரொபர்ட் பேர்சிவல் என்ற இராணுவ அதிகாரி இன்னொரு விசயம் சொல்கிறார். ஆபத்து என்று பட்டால், இன்று இறங்க வேண்டாம் என்று கடற்கட்டி தடுத்துவிடுவார். அவர் சொன்னால் அதுதான் முடிவு.

அந்தக் கரையில் மற்ற எல்லோருக்கும் வேலை நடந்தால்தான் இலாபம். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருமானம். எடுத்த சிப்பியை மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கை அரசு எடுத்தது. உயிரைக் கொடுத்து இறங்கியவர்களுக்கு ஒரு பங்கு. அந்த இடத்தில் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒரே வாய் கடற்கட்டியின் வாய். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, சில நாட்கள் அதிகாரத்தின் கையைக் கட்டியது.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான். உங்கள் பாட்டன் பூட்டன்மாரில் பலர் அதே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக நடந்து மலைக்கு வந்தவர்கள். மலையில் சுறா இல்லை. குளவி இருக்கிறது. ஊவாத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் அம்மாமார் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது நமக்குப் புதினமான செய்தி இல்லை. உயிரும் போயிருக்கிறது. காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் கூடு தெரிகிற மலையைக் காட்டி, "இன்றைக்கு இந்த மலை வேண்டாம்" என்று ஒரு அம்மா சொன்னால் அவருக்கு முழுப்பேர் விழுமா, அரைப்பேரா?

காசு கொடுத்துச் சுறா பார்க்கப் போகிறவருக்குக் கூண்டு இருக்கிறது. பயமாக இருந்தால் மேலே ஏறியும் விடலாம். கூலிக்காக இறங்குகிறவருக்கும் அந்த இரண்டும் வேண்டும். பாதுகாப்பு என்றால் இரும்பு மட்டுமல்ல, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும்தான்.

உங்கள் தோட்டத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கு அதிகாரம் இருக்கிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.