தளைநார்

தளைநார் என்பது பனை, தென்னை போன்ற கிளையற்ற மரங்களில் ஏறுவோர் தம் இரு பாதங்களையும் பிணைத்து அணியும் வளையம் ஆகும். இது தளை, தளைக்கயிறு எனவும் அழைக்கப்படுகிறது. மலையாளத்தில் இதன் பெயர் தளப்பு. தமிழ்நாடு, கேரளம், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளில் பனை, தென்னை ஏறுவோரின் முதன்மையான கருவி இதுவே. மேலைநாடுகளில் மரம் ஏறுவோர் காலில் கட்டும் இரும்பு முள், மரத்தைக் குத்தி உடல் எடையைத் தாங்குகிறது. தளைநார் மரத்தைக் குத்துவதில்லை. பாதங்கள் விலகாமல் தடுத்து, உராய்வினால் ஏறுபவரை நிறுத்துகிறது. பனையும் தென்னையும் காயத்தை ஆற்றிக்கொள்ள இயலாத மரங்கள் ஆதலால் இவ்வேறுபாடு முக்கியமானது.

அமைப்பு

பனைமட்டையிலிருந்து உரித்தெடுக்கும் நாரை நீரில் ஊறவைத்து, முறுக்கி, வளையமாகக் கட்டுவது பழைய முறை. தென்னை ஏறுவோர் கயிற்றையோ, முறுக்கிய துணியையோ பயன்படுத்துவதும் உண்டு. இருபது தேங்காய் பறிக்க ஏறுபவர் தோளிலுள்ள துண்டையே முடிச்சிட்டுத் தளையாக்கிக் கொள்வதை ஊர்ப்புறங்களில் காணலாம்.

தளையின் அளவு ஏறுபவரின் பாதத்திற்கும் மரத்தின் பருமனுக்கும் ஏற்ப அமைய வேண்டும். வளையம் பெரிதானால் பாதங்கள் மரத்தின் பக்கவாட்டில் விலகிச் சென்று பிடி தளரும். சிறிதானால் பருத்த அடிமரத்தைப் பாதங்களால் கவ்வ முடியாது. காய்ந்த நார் எளிதில் முறியும். ஆகவே ஏறுமுன் அதை நனைத்துக் கொள்வதும், முடிச்சையும் தேய்ந்த இடங்களையும் கையால் இழுத்துப் பார்ப்பதும் வழக்கம்.

ஏறும் முறை

ஏறுபவர் தளையைப் பாதங்களில் மாட்டி, மரத்தின் இரு புறமும் உள்ளங்கால்களைப் பதிக்கிறார். கைகளால் மரத்தை அணைத்துக்கொண்டு, முழங்கால்களை வெளிப்புறமாக விரித்து, இரு பாதங்களையும் ஒன்றாக மேலே இழுக்கிறார். பின்னர் பாதங்களை அழுத்தி எழுந்து நின்று, கைகளை மேலே நகர்த்துகிறார். எழுந்து நிற்கும்போது உடல் எடை பாதங்களை வெளிப்புறமாகத் தள்ள முயல்கிறது. தளை அதைத் தடுப்பதால் அந்த விசை முழுவதும் மரத்தை நெருக்கும் அழுத்தமாக மாறுகிறது. எடை கூடக் கூடப் பிடியும் இறுகுகிறது என்பதே இக்கருவியின் நுட்பம்.

பனையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அது பிடிக்கு நல்லது, தோலுக்குத் தீயது. இதனால் பனையேறுவோர் மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தோலாலான காப்பு அணிவதுண்டு. அடிமரம் மிகவும் பருத்திருந்தால் ஒரு தடியையோ குறுகிய ஏணியையோ சாய்த்து முதல் சில அடிகளைக் கடப்பர். இடுப்பில் பாளை சீவும் கத்தி, பாளையை நசுக்கும் கடிப்பு, பதநீர் சேகரிக்கும் கலயம் ஆகியன தொங்கும். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படும்.

பாளையை நாள்தோறும் காலையும் மாலையும் சீவ வேண்டும். ஒருவர் 30 மரங்களைப் பாட்டம் எடுத்திருந்தால் அது நாளொன்றுக்கு 60 ஏற்றம். மரம் ஒன்று 15 மீட்டர் எனக் கொண்டால் 900 மீட்டர் ஏறி, 900 மீட்டர் இறங்க வேண்டும். இக்கணக்கை மனத்திற் கொள்ளாமல் மரமேறும் கருவிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. மரத்துக்கு மரம் மாற்ற எடையற்றதாகவும், நொடியில் மாட்டக் கூடியதாகவும் இருப்பதே தளைநார் இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம்.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் தென்னங்கள் இறக்குவோர் ஒரு மரத்தின் உச்சியிலிருந்து அடுத்த மரத்தின் உச்சிக்குக் கயிறுகள் கட்டி, அவற்றின்மேல் நடந்து செல்கின்றனர். ஏற்றங்களின் எண்ணிக்கை இதனால் வெகுவாகக் குறைகிறது. கீழே நின்று பார்ப்பவருக்கே தலை சுற்றும் வழி இது.

இரும்பு முள்ளுடன் ஒப்பீடு

வெளிநாடுகளில் மரம் வெட்டுவோரும் மரக் கம்பங்களில் பணிபுரியும் மின்பணியாளரும் இரும்பு முட்களைப் பயன்படுத்துகின்றனர். காலின் உட்புறமாக ஓர் எஃகுத் தண்டு, பாதத்தின் கீழ் ஒரு வளைவு, கணுக்காலின் உட்புறத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்த கூர்முள் என்பன இதன் உறுப்புகள். முழங்காலுக்குக் கீழே வாரினால் இறுக்கிக் கட்டப்படும். முட்கள் இரு வகை. தடித்த பட்டையுள்ள மரங்களுக்கு நீண்ட முள். பட்டையற்ற கம்பங்களுக்கும் மெல்லிய பட்டையுள்ள மரங்களுக்கும் குறுகிய முள். தடித்த பட்டையில் குறுகிய முள்ளால் ஏறினால் முள் உள்மரத்தை எட்டாது. பட்டை பெயர்ந்து கால் நழுவும்.

முட்களால் ஏறும்போது முழங்கால்கள் மரத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். அச்சத்தால் மரத்தை அணைத்துக்கொண்டால் முள்ளின் சாய்வு மாறி, அது மரத்தினின்று வெளியே வந்துவிடும். தளைநாரில் உடலை மரத்தோடு ஒட்டுவது இயல்பு. முள்ளில் அதுவே ஆபத்து. எனவே முள்ளுடன் மரத்தைச் சுற்றி வரும் இடைவாரும் கட்டாயமாகக் கருதப்படுகிறது.

அமெரிக்காவில் மான் வேட்டையாடுவோருள் சிலர் வார்களாலான இருக்கையைக் கட்டிக்கொண்டு மரத்தில் தொங்கியபடி காத்திருப்பர். அவர்களுள் சிலரும் இம்முட்களைப் பயன்படுத்துகின்றனர். எனினும் மரத்தைக் காயப்படுத்தும் கருவிகளுக்குப் பல மாநிலங்களின் பொது நிலங்களில் தடை உள்ளது. ஆகவே வாரினால் கட்டிக் கழற்றக்கூடிய படித்தடிகளே பலரின் தேர்வு. உயிருள்ள மரத்தைக் கவாத்துச் செய்ய முட்களுடன் ஏறக்கூடாது என்பது அங்குள்ள மரப் பராமரிப்புத் தரநிலைகளின் பொதுவிதி. வெட்டி அகற்றவிருக்கும் மரத்திற்கும், மரத்தில் சிக்கியவரை மீட்பதற்கும் விலக்கு உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கு வேட்டையைத் தடை செய்துள்ளதால் இத்தகைய பயன்பாட்டிற்கு இங்கு இடமில்லை.

பனை, தென்னை ஆகியவற்றில் முள் பயன்படுத்தக் கூடாமைக்குக் காரணம் அவற்றின் உடலமைப்பு. இவை ஒருவித்திலைத் தாவரங்கள். வேம்பு, புளி போன்ற மரங்களில் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படை புதிய திசுவை உண்டாக்கிக் காயத்தை மூடுகிறது. பனைக்கும் தென்னைக்கும் அப்படை இல்லை. ஒருமுறை ஏற்பட்ட துளை மரம் உள்ளளவும் துளையாகவே இருக்கும். தென்னையில் இத்தகைய காயங்களின் வழியே சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுகிறது; சாறு வடிதல் நோயை உண்டாக்கும் பூஞ்சையும் நுழைகிறது. சில இடங்களில் ஏறுவதற்கு எளிதாகத் தென்னையில் படிகள் வெட்டுகின்றனர். வேளாண் துறையினர் இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்துவதும் இதனாலேயே.

மரத்தைக் குத்தி ஏறும் முறை தமிழ் நிலத்திற்கு முற்றிலும் புதியதும் அன்று. ஆனைமலைக் காடர்கள் தேன் எடுப்பதற்காக, உயர்ந்த காட்டு மரங்களில் மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து ஏறியதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்துள்ளார். போர்னியோவின் தயாக் மக்களிடமும் இதையொத்த முறை இருந்தது. அம்மரங்கள் வளர்படை உடையவை என்பதையும், ஆண்டுக்கு ஒருசில முறையே ஏறப்பட்டன என்பதையும் கருத வேண்டும்.

ஆபத்து

தளைநார் மரத்தைக் காக்கிறது, ஏறுபவரைக் காப்பதில்லை. கை நழுவினால் அவரைத் தாங்க அதில் எதுவும் இல்லை. பாதங்கள் பிணைந்திருப்பதால் விழும்போது காலை ஊன்றவும் முடியாது. மழையில் நனைந்த மரம், பட்டுப்போன மட்டை, உச்சியில் கூடு கட்டிய குளவி ஆகியன விபத்துக்கான வழக்கமான காரணங்கள். மரத்திலிருந்து விழுதல் தென்னிந்தியாவில் தண்டுவடக் காயத்திற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று. பிழைத்தவர்களுள் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து வாழ்வோர் பலர். உச்சியில் வேலை செய்யும்போது இடைக்கயிற்றால் தம்மை மரத்துடன் பிணைத்துக்கொள்வோர் உண்டு. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அதை அணிவது அரிது. நேரம் ஆகும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். மேலே தந்த 60 ஏற்றக் கணக்கை நோக்கினால் அதைச் சாக்கு எனத் தள்ளிவிட முடியாது.

தமிழ்நாட்டில் பனைமரத் தொழிலாளர்களுக்கெனத் தனி நல வாரியம் உள்ளது. பதிவு பெற்ற உறுப்பினருக்கே அதன் விபத்து உதவி கிடைக்கும்.

ஏறு இயந்திரங்கள்

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலுள்ள செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் உருவாக்கிய கருவி தென்னையேற்றத்தில் பரவலாக அறியப்பட்டது. இரும்புக் கம்பி வடத்தால் மரத்தைச் சுற்றும் இரு சட்டங்களில் கால்களை வைத்து, படியேறுவது போல மாறி மாறி மேலேற்றுவர். எடை வைக்கும் சட்டம் இறுகி நிற்கும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கருவி உட்கார்ந்து எழும் முறையில் அமைந்தது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னையின் நண்பர்கள்’ பயிற்சியினால், இத்தொழிலுக்குப் புதியவர்களும் பெண்களும் இயந்திரத்தின் துணையுடன் தென்னை ஏறக் கற்றனர்.

பனையில் இவை அவ்வளவாகப் பரவவில்லை. அடிக்கும் நுனிக்கும் பருமன் மாறுதலும், அடிமட்டைகள் ஒட்டிய இளம் பனைகளும் தடையாகின்றன. ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை ஏறும் தென்னைக்குப் பொருந்துவது, நாளுக்கு இருமுறை ஏறும் பனைக்குப் பொருந்துவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில்

மூவர் கோயிலால் பெயர்பெற்ற கொடும்பாளூர் உள்ளிட்ட மாவட்டத்தின் மேற்குப் பகுதி வானம் பார்த்த பூமி. கிழக்கே ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகள் ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தால் தென்னந்தோப்புகளாயின. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் அத்தோப்புகள் பெருமளவில் சாய்ந்தன. தோப்புடையோர் மட்டுமின்றிக் காய் பறிப்போரும் ஒரே இரவில் வேலையிழந்தனர். பனைகள் பெரும்பாலும் நின்றன. இதையடுத்துக் குளக்கரைகளில் பனை விதை நடும் ஆர்வம் பெருகியது.

தமிழ்நாடு அரசும் 2021-22 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்து, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. இதற்கிடையே 1987இல் வந்த கள் தடையால் ஏற்றம் பதநீர்ப் பருவத்தின் சில மாதங்களுக்குச் சுருங்கியது. பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவதும் குறைந்தது. பனை பாளைவிடச் சுமார் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்பதால், புயலுக்குப் பின் நட்ட விதைகளில் ஏற வேண்டியவர்கள் இன்று பள்ளிச் சிறுவர்களாக இருப்பவர்களே.