கன்னித்தீவும் கடைமடையும்

ஒரு வேலை இழுத்துக்கொண்டே போனால் "என்னப்பா இது, கன்னித்தீவு மாதிரில்ல போகுது" என்று சொல்கிறோம். சொல்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையை ஒரு நாள்கூடப் படித்திருக்க மாட்டார்கள். என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சிந்துபாத் தெரிகிறது, லைலா தெரிகிறது. அதற்கு மேல் கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள். கதை மறந்துபோய் பெயர் மட்டும் பழமொழியாக நின்றுவிட்டது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

கன்னித்தீவு 1960-இல் தினத்தந்தியில் ஆரம்பித்த படக்கதை. தினமும் மூன்று நான்கு கட்டம், கறுப்பு வெள்ளை. (கலர் எல்லாம் ரொம்பப் பிற்பாடு.) ஆரம்ப காலத்தில் படம் வரைந்தவர் கணு. மூசா என்று ஒரு மந்திரவாதி. லைலாவைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிடுகிறான். அவளைப் பழையபடி ஆக்க சிந்துபாத் ஊர் ஊராக, கடல் கடலாக அலைகிறான். கதை இவ்வளவுதான். ஒரு ஆபத்தில் தப்பினால் அடுத்த கட்டத்தில் இன்னொரு ஆபத்து, அங்கே "தொடரும்". ஆண்டுக்கு 350 நாள் என்று வைத்தாலும் 60 ஆண்டுக்கு 21,000 நாள் கணக்கு வருகிறது!

இந்த சிந்துபாத் நம்ம ஊர் ஆள் இல்லை. பாக்தாத் வணிகன், பஸ்ராவில் கப்பல் ஏறுகிறவன். அரபுக் கதையில் அவனுக்கு ஏழே பயணம்தான். ஒவ்வொரு முறையும் பணத்தோடு வீடு திரும்பிவிடுவான். ஆயிரத்தொரு இரவுகளிலும் அவன் முதலிலிருந்தே இருந்தவன் இல்லை, அது தனிக்கதை. 1700-களின் தொடக்கத்தில் பிரெஞ்சில் மொழிபெயர்த்த அந்துவான் கலாந்து அதையும் உள்ளே சேர்த்தார். அப்படி ஊர் சுற்றி வந்தவனைத் தமிழ்நாட்டில் பிடித்து, வீட்டுக்கே விடாமல் வைத்துவிட்டார்கள். முத்துப்பேட்டைக்காரனுக்கு இதில் ஒரு தனி ருசி உண்டு. எங்கள் பக்கம் வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவரை சபுராளி என்போம். அரபியில் சபர் என்றால் பயணம். அந்தக் கணக்கில் சிந்துபாத்தும் ஒரு சபுராளிதான், என்ன, லீவே கிடைக்காத சபுராளி :)

சரி, ஒரு நாளிதழுக்கு இது எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. லண்டனில் பாரிஸ்டர் படித்த சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். யுத்த காலம், காகிதம் கிடைக்கவில்லை. வைக்கோல் கூழில் கையால் காகிதம் செய்து அச்சடித்தார்கள். (வைக்கோலில் பேப்பர் என்றால் எங்கள் பக்கத்து மாடுகள் கோபப்படும்.) மற்ற பத்திரிகைகள் படித்தவர்களுக்குப் படித்தவர்கள் எழுதியவை. ஆதித்தனார் நினைத்த வாசகன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். அதனால் சின்னச் சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்தில் உள்ள தமிழ், பெரிய எழுத்தில் தலைப்பு. அப்படிப்பட்டவனுக்கு மூன்று கட்டப் படமும் அடியில் இரண்டு வரியும் சரியான அளவு. டீக்கடை பெஞ்சில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கலாம், எட்டிப் பார்த்துப் படத்தையும் புரிந்துகொள்ளலாம். நாளைக்கும் அதே பெஞ்சுக்கு வந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் நிறைய பேர் தானாகப் படித்த முதல் கதை கன்னித்தீவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பாடப்புத்தகம் அந்த வேலையைச் செய்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

படக்கதையிலிருந்து பேச்சுக்கும் பழக்கத்துக்கும் ஏதாவது போவது புதிதல்ல. அமெரிக்காவில் 'லில் அப்னர்' படக்கதையில் 1937-இல் வந்த சேடி ஹாக்கின்ஸ் நாளைப் பார்த்து, பெண்களே பையன்களை அழைக்கும் நடன விழாக்களைக் கல்லூரிகளில் நடத்தினார்கள். அங்கே விழா கிடைத்தது, நமக்கு ஒரு கிண்டல் கிடைத்தது. 2011-இல் வந்த மிஷ்கினின் யுத்தம் செய் படத்தில் கன்னித்தீவுப் பெண்ணை வைத்து ஒரு குத்துப்பாட்டே உண்டு. மெகா சீரியல் வந்த பிறகு கேட்கவே வேண்டாம், வீட்டுக்கு வீடு அந்தச் சொல்தான். ஆனால் 2003 முதல் 2009 வரை ஓடிய கோலங்கள் மொத்தம் 1,533 பகுதிதான். சிந்துபாத் முன்னால் அது குழந்தை.

எங்கள் ஊரில் இந்தச் சொல் அதிகம் அடிபட்டது ரயிலுக்கு. திருவாரூர் - காரைக்குடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2012-இல் ரயிலை நிறுத்தினார்கள். முத்துப்பேட்டை வழியாக மறுபடி ரயில் ஓடியது 2019-இல். நடுவில் ஏழு ஆண்டு. இதைக் கன்னித்தீவு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கன்னித்தீவு முடியவில்லையே தவிர, தினமும் காலையில் வந்து சேர்ந்துவிட்டது. வராமல் இருந்தது ரயில்!

அதைவிடப் பெரிய கன்னித்தீவு காவிரி வழக்கு. நடுவர் மன்றம் அமைத்தது 1990, இறுதித் தீர்ப்பு 2007, அது அரசிதழில் ஏறியது 2013, உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மேலாண்மை ஆணையமும் 2018. அந்த 28 ஆண்டில் சிந்துபாத் பத்தாயிரம் நாளுக்குப் பக்கமாகக் கடலில் சுற்றியிருப்பான். பாமணியாறும் கோரையாறும் எங்கள் அலையாத்திக் காட்டில்தான் கடலைத் தொடுகின்றன, அதாவது காவிரித் தண்ணீருக்கு நாங்கள் கடைமடை. மேட்டூரில் திறந்தார்கள் என்று பேப்பரில் படித்த பிறகும், இங்கே வயலில் ஈரம் பார்க்க இன்னும் பல நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களிலும் டீக்கடைப் பெஞ்சில் தலைப்புச் செய்திக்கு முன்னால் லைலாவைப் பார்த்துவிட்டு வருகிற பெரியவர்கள் இருந்தார்கள்.