சொற்கள் வந்த வழி

ஆங்கிலச் சொற்களைக் கற்க விரும்பும் இளைஞர் பலர் ஒரு கொப்பியிலே நூறு சொற்களை வரிசையாக எழுதி, எதிரே பொருளையும் எழுதி, இரவிரவாக மனனஞ் செய்வதை நாம் கண்டிருக்கிறோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு செய்தவர்களே. பரீட்சை முடிந்த மறுவாரம் அவற்றுட் பாதி மறந்துபோகும். தெருவில் ஒருமுறை கண்ட முகம் மனத்தில் நிற்பதில்லை. ஒருவருடைய ஊரையும் உறவையும் விசாரித்து அறிந்த பின்னரோ அவரை மறப்பது அரிது. சொல்லும் அத்தகையதே.

இதற்கு முதற் பாடம் நமது வீட்டிலேயே உண்டு. நாம் உண்ணும் பாண், அமரும் வாங்கு, முகந் துடைக்குந் துவாய், காலிலிடுஞ் சப்பாத்து, பூட்டைத் திறக்குஞ் சாவி ஆகிய யாவும் போத்துக்கீசர் விட்டுச் சென்ற சொற்கள். அவர்கள் 1505-ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து 1658-இல் ஆட்சியை இழந்தனர். பின்வந்த ஒல்லாந்தர் தந்தவை கந்தோர், நொத்தாரிசு, கக்கூசு என்பன. முன்னவர் வீட்டுப் பண்டங்களுக்கும் பின்னவர் எழுத்து வேலைக்கும் பெயர் தந்தமை கவனிக்கத்தக்கது. தபாற்கந்தோருக்குப் போய் வருகிறோம் என்று சொல்லும்போது ஒல்லாந்தர் சொல்லொன்றை வழங்குகிறோம் என நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

கொழும்பு நகரின் இடப்பெயர்களும் இவ்வாறே சரித்திரம் கூறுவன. கொள்ளுப்பிட்டியிலிருந்து கோட்டைக்குப் போகும் வழியருகே உள்ள கொம்பனித்தெரு, ஒல்லாந்தருடைய வர்த்தகக் கொம்பனியை நினைவூட்டுகிறது. அதே இடத்தை ஆங்கிலேயர் ‘சிலேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத் தீவு என்றனர். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகள் அங்கே வைக்கப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். எசமானை ஒரு பெயரும் அடிமையை மற்றொரு பெயரும் காட்டுகின்றன.

நமது நாட்டில் ஆங்கிலத்தையும் தமிழையும் அருகருகே வைத்துச் சொல்லுக்குச் சொல் எடைபோட்ட பெருமை யாழ்ப்பாணத்துக்கு உரியது. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். 1842-இல் மானிப்பாய் அகராதி எனப்படும் தமிழகராதி அச்சாயிற்று. நல்லூரில் வாழ்ந்த யோசேப்பு நைற் பாதிரியார் தொடங்கிய தமிழ் – ஆங்கில அகராதி வேலை, அவர் இறந்த பின்னர் வேறு கைகள் மாறி, ஈற்றில் வின்சுலோ பாதிரியாரால் நிறைவெய்தி 1862-இல் சென்னையில் வெளிவந்தது. அதிலுள்ள சொற்கள் 67,000-க்கு மேற்பட்டவை. தமிழ்ப் பண்டிதர்களின் துணையின்றி இவ்வேலைகள் நடந்தேறியிருக்கமாட்டா. வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையுந் தமிழில் ஆக்குவித்தார். ஆறுமுக நாவலர் அவர்களும் மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவரே. ஆங்கிலங் கற்றமையால் அவர் தமிழையோ சமயத்தையோ இழந்தாரல்லர்.

கடன் வாங்கியவர்கள் நாம் மாத்திரமல்லர். கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையிற் கண்ட டாம்பியர் என்னும் மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் பிரயாண நூலில் அச்சொல்லை எழுதினார். இன்று ‘கற்றமரான்’ என்பது இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்கும் பெயர். மிளகுதண்ணீர் ‘மல்லிகட்டோனி’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. நமது தீவின் பெயரே ஒரு சொல்லுக்கு வேர். அராபியர் இலங்கையைச் சரந்தீப் என்றனர். சரந்தீப் இளவரசர் மூவரின் கதையை நினைந்து, 1754 சனவரி 28-ஆந் திகதி எழுதிய கடிதமொன்றில் ஹோரஸ் வால்போல் ‘செரண்டிப்பிட்டி’ என்ற சொல்லைப் படைத்தார். தேடாத நன்மை தற்செயலாகக் கைகூடுதலும், அதை இனங்காணும் மதிநுட்பமும் அதன் பொருள்.

ஆயினும் ஒரு சொல்லை நாம் தலைகுனிந்தே படிக்கவேண்டும். ‘பறையா’ என்பது ஆங்கிலத்தில் எல்லாராலும் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும். பறை என்னும் இசைக்கருவியின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. பறை இழிந்ததன்று, அதை முழக்கியவரும் இழிந்தவரல்லர். அவரை ஒதுக்கியவர் நாமே. ஆங்கிலேயர் கண்டதை எழுதிக்கொண்டனர். சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் இலங்கையில் 1957-இல் நிறைவேறிய பின்னருங்கூட, 1968-இல் மாவிட்டபுரத்திலே ஆலயத்துட் புகுவதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. உலகின் அகராதியில் நாம் எழுதிவைத்த இக்கறையை எந்தப் பதிப்பாசிரியரும் அழித்துத் தரமுடியாது. நமது நடத்தையொன்றே அதற்கு மருந்து.

சொல்லின் வேரைத் தேடுவோர் ஓசையை மட்டும் நம்பி ஏமாறலாகாது. வெள்ளவத்தை வெள்ளத்தால் வந்த பெயரன்று. சிங்களத்தில் ‘வெல்ல’ மணல், ‘வத்த’ தோட்டம். ‘கறி’ என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் முகஸ்துதி செய்து தயவு பெறுதலைக் குறிக்கும் ‘கறி பேவர்’ என்ற தொடருக்கும் நமது அடுப்படிக்கும் யாதொரு தொடர்புமில்லை. அது குதிரையைத் தேய்த்துச் சுத்தஞ் செய்வதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது. புதிய சொல்லொன்றைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: பொருள் யாது? பிறந்த இடம் எது? இன்று யார், எங்கே, எப்படி வழங்குகின்றனர்? லத்தீன் மொழியில் ‘போர்ட்டாரே’ என்றால் சுமத்தல் என்று ஒருமுறை அறிந்தவன், உள்ளே கொணர்வது ‘இம்போர்ட்’, வெளியே கொண்டுசெல்வது ‘எக்ஸ்போர்ட்’, இடம் மாற்றுவது ‘டிரான்ஸ்போர்ட்’, செய்தியை மீளக் கொணர்வது ‘றிப்போர்ட்’ என நான்கையும் ஒருங்கே பெறுகிறான். நூறு சொற்களை ஓரிரவில் விழுங்குவதிலும், நாளொன்றுக்கு ஒரு சொல்லை இவ்வாறு விசாரித்தல் நன்று.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாவில் இன்னும் வழங்கும் பழஞ்சொற்களை இளைஞர்க்குச் சொல்லிக்கொடுங்கள். கந்தோர் ‘ஒபிஸ்’ ஆகிவருகிறது, லேஞ்சி மறைந்துகொண்டிருக்கிறது. சொல் மறைந்தால் அது கண்ட காலமும் நம் நினைவிலிருந்து மறையும். ஆங்கிலத்தை அஞ்சாமலும் தமிழை மறவாமலும் கற்கும் வழி, இரண்டின் சொற்களையும் உறவு விசாரித்து அறிவதே.