வீட்டுப் பட்டியலில் அந்நியர்

பொலிஸ் சேவையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் அதிபர்களையும் சட்டங்களையும் பற்றியே எழுதுவர். அச்சட்டங்கள் நகரத்து ஒழுங்கைகளில் எவ்வாறு செயற்பட்டன என்பதோ, அங்கு வாழ்ந்தோரின் நினைவில் மட்டுமே எஞ்சி நிற்கின்றது. கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் பகுதியொன்றில் வளர்ந்த நாம், அந்நினைவைச் சட்டத்தோடு சேர்த்து நோக்க விழைகின்றோம்.

யுத்த காலத்தில், வீட்டில் தங்குவோர் அனைவரின் பெயர், சொந்த ஊர், வந்த காரணம் ஆகியவற்றைப் பொலிஸ் நிலையத்திற் பதிதல் வேண்டும். இது யுத்தம் ஈன்ற புதுமையன்று. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, வீட்டில் வசிப்போரின் பட்டியலைக் கோரப் பொலிஸாருக்கு அதிகாரமளித்தது. அறிவியாது அந்நியரைத் தங்கவிடலாகாது என்றும் விதித்தது. பிரித்தானியர் வகுத்த அவ்விதி, 1948இன் பின்னர் சுதந்திர நாட்டின் கருவியாயிற்று.

அந்நியர் யாவர்? கண் சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து எம்மிடம் வந்த பெரியம்மா அந்நியரானார். பதிவுப் படிவம் அதிகாரியின் மேசையிலேயே கிடந்தது; அன்றிரவே சோதனை நடந்தது. மறுநாட் பிற்பகல்வரை அவர் பொலிஸ் நிலைய வாங்கில் இருந்தார். எவரும் அவரை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலமொன்றில், வாசித்தறிய இயலாமலே கையொப்பமிட்டு வீடு திரும்பினார். தமிழும் அரச கரும மொழி என 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறியமை அந்த மேசையை எட்டவில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளிலே தங்கியிருந்த 376 தமிழர், தக்க காரணமின்றித் தங்கியிருந்தனர் எனக் கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். ஆயின், சொந்த நாட்டிற் பிரயாணஞ் செய்தற்குக் காரணங் கூற வேண்டும் என்ற எண்ணம் அவ்வருத்தத்தோடு மறையவில்லை.

இந்நிலை ஓரினத்தோடு நின்றதுமன்று. 1971இலும், 1987–89 காலத்திலும் சிங்கள இளைஞர் சந்தேகத்திற்கு ஆளாயினர். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் மக்கள் ஆளாயினர். ஆட்கள் மாறினர், பார்வை மாறவில்லை. ஆதலின், நல்லெண்ணமுடைய அதிகாரி ஒருவர் வந்துவிட்டால் அநீதி அகலும் என்று நாம் அமைந்திருத்தல் பொருந்தாது. குடிமக்களை அந்நியராக எழுதும் அதிகாரத்தை, அதற்கு வெவ்வேறு காலங்களில் இரையான மக்கள் அனைவரும் ஒருங்கு கூடி எதிர்த்தாலன்றி, அது அடுத்த வீட்டின் கதவையும் தட்டவே செய்யும்.