ட்ரோன் டெலிவரி: மலை கிராமத்துக்கு மருந்து போகும்... உங்க வீட்டுக்கு பார்சல் வருமா?

ஆர்டர் போட்ட அரை மணி நேரத்தில் பொருள் பறந்து வந்து வீட்டு வாசலில் இறங்கும். 2013 டிசம்பரில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அமெரிக்க டிவி பேட்டி ஒன்றில் சொன்னது இது. நான்கைந்து வருஷத்தில் நடந்துவிடும் என்றார். ஆனால் அமெரிக்காவில் அமேசான் ட்ரோன்கள் வாடிக்கையாளர்களுக்கு டெலிவரி தொடங்கவே 2022 கடைசி ஆகிவிட்டது. அதுவும் இரண்டே ஊர்களில். ஏன் இவ்வளவு தாமதம்? பார்க்கலாம்.

ருவாண்டாவில் ஜெயித்தது எப்படி?

ஆப்பிரிக்காவின் ருவாண்டா முழுக்க மலைப் பகுதி. 2016 அக்டோபரில் அங்கே ஜிப்லைன் நிறுவனம் ட்ரோன் மூலம் மருத்துவமனைகளுக்கு ரத்தம் அனுப்பத் தொடங்கியது. சின்ன விமானம் மாதிரி இருக்கும் இந்த ட்ரோனை ஏவுதளத்தில் இருந்து கவண் வீசுவது போல ஏவுகிறார்கள். மருத்துவமனைக்கு மேலே வந்ததும் பெட்டியை பாராசூட்டில் இறக்கிவிட்டு, எங்கேயும் தரையிறங்காமல் திரும்பிவிடும்.

ரத்தத் தட்டணுக்களை சுமார் 5 நாள்தான் வைத்திருக்க முடியும். எல்லா சின்ன மருத்துவமனையிலும் இருப்பு வைத்தால் வீணாகும், வைக்காவிட்டால் உயிர் போகும். ஒரே இடத்தில் சேமித்து, தேவைப்படும்போது அனுப்புவது இந்தச் சிக்கலைத் தீர்த்தது. எடை குறைவு, அவசரம் அதிகம், சாலை மோசம். மூன்றும் சேர்ந்த இடத்தில் ட்ரோன் ஜெயித்தது.

நகரத்தில் என்ன சிக்கல்?

முதல் சிக்கல் செலவு. ஒரு டெலிவரி வேன் ஒரே டிரிப்பில் நூறு பார்சல் வரை கொண்டுபோகும். ட்ரோன் பெரும்பாலும் ஒரு பார்சலை இறக்கிவிட்டு காலியாகத் திரும்ப வேண்டும். எடை கூடக்கூட பேட்டரி சீக்கிரம் தீரும். பலத்த காற்று, கனமழை என்றால் பறக்கவே முடியாது.

அடுத்தது இறக்கும் இடம். தோட்டத்தோடு தனி வீடு என்றால் பிரச்னை இல்லை. அபார்ட்மென்ட்டின் நான்காவது மாடியில் இருப்பவருக்கு எங்கே இறக்குவது?

சத்தமும் ஒரு தலைவலி. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2018-ல் சோதனை நடந்தபோதே ட்ரோன் இரைச்சல் தாங்கல என்று குடியிருப்புவாசிகள் புகார் சொன்னார்கள். 2021-ல் அதே நகரத்தில் காக்கை இனப் பறவை ஒன்று டெலிவரி ட்ரோனைத் தாக்க, அந்தப் பகுதியில் சேவையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் நிலைமை என்ன?

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் வான்வெளியை பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரித்தன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க தனி அனுமதி வேண்டாம். ஆனால் விமான நிலையத்தைச் சுற்றி 8 கி.மீ.க்குள் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. சென்னையில் கிண்டி, பல்லாவரம் எல்லாம் இந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

அதே ஆண்டு அக்டோபரில் மணிப்பூரில், பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையில் இருந்து லோக்டாக் ஏரியில் உள்ள கராங் தீவுக்கு கொரோனா தடுப்பூசி ட்ரோனில் போனது. தரைவழியாக 26 கி.மீ. தூரம். வான்வழியே 15 கி.மீ.யை சுமார் கால் மணி நேரத்தில் கடந்தது.

இனி என்ன?

மலை கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம், வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட ஊர், தீவு. ட்ரோன் முதலில் உதவப்போவது இங்கேதான். தெருமுனைக் கடையில் இருந்து பிரியாணி கொண்டுவர, டூவீலரில் வரும் டெலிவரி ஊழியரை மலிவில் மிஞ்சுவது இப்போதைக்கு கஷ்டம்தான்.