எட்வர்டியச் சீமாட்டியின் நாட்டுப்புற நாட்குறிப்பு

எட்வர்டியச் சீமாட்டியின் நாட்டுப்புற நாட்குறிப்பு, ஆங்கிலேய ஓவியரும் ஓவிய ஆசிரியருமான எடித் ஹோல்டன் (1871–1920) 1906-ஆம் ஆண்டில் எழுதிய நாட்குறிப்பு. நீர்வண்ண ஓவியங்களும் இயற்கைக் குறிப்புகளும் கவிதைகளும் ஒரே பக்கத்தில் அமைந்த இந்நூல் 1977-இல் முதன்முதலாக அச்சேறியது. ஓவியர்களின் நாட்குறிப்புகள் வாசகரை ஈர்ப்பதற்கான காரணங்களை விளக்க இது நல்ல சான்று.

ஆசிரியர்

எடித் ஹோல்டன் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை அடுத்த கிங்ஸ் நார்ட்டனில் பிறந்தார். தந்தை வண்ணப்பூச்சுத் தொழிற்சாலை நடத்தியவர். எடித் பர்மிங்காம் கலைப்பள்ளியில் பயின்றார். பின்னர் ஸ்காட்லாந்தில், கால்நடை ஓவியத்துக்குப் பெயர்பெற்ற ஜோசப் டெனோவன் ஆடமிடம் பயிற்சி பெற்றார். குழந்தைகளுக்கான நூல்களுக்குப் படம் வரைந்தார். கண்காட்சிகளில் ஓவியங்களை வைத்தார். சொலிஹல்லில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவியம் கற்பித்தார்.

நாட்குறிப்பின் அமைப்பு

எடித் தம் குறிப்பேட்டுக்கு இட்ட பெயர் '1906-க்கான இயற்கைக் குறிப்புகள்' என்பதே. மாணவியர் இயற்கையை எவ்வாறு கவனித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு மாதிரியாகவே அதை எழுதினார் என்பர்.

நூல் மாத வரிசையில் அமைந்துள்ளது. மாதத்தின் பெயர்க்காரணம், சிறப்பு நாட்கள், வானிலை பற்றிய பழமொழிகள் ஆகியவை முதலில் வரும். அடுத்து, நடந்தும் மிதிவண்டியில் சென்றும் கண்ட பூக்கள், பறவைகள், பூச்சிகள் ஆகியவை தேதியிட்டுக் குறிக்கப்பட்டுள்ளன. வேர்ட்ஸ்வொர்த், பர்ன்ஸ், டென்னிசன் முதலியோரின் கவிதைகள் இடையிடையே தம் கையெழுத்தில் எடுத்தெழுதப்பட்டுள்ளன.

ஈர்ப்புக்கான காரணங்கள்

கவிதைத் தொகுப்பில் ஒரு பூவைப் பற்றிய பாடல் தனியே நிற்கும். தாவரவியல் நூலில் அதே பூ பெயரோடும் உறுப்புகளோடும் நிற்கும். இந்நாட்குறிப்பில் பூ, அதைக் கண்ட நாள், அது நினைவூட்டிய கவிதை ஆகிய மூன்றும் சேர்ந்து நிற்கின்றன. கவிதை அலங்காரமாக இல்லை. கண் கண்டதற்குச் சாட்சியாக இருக்கிறது. ஓவியமும் கற்பனையாக இல்லாமல் கவிதைக்குச் சான்றாகிறது.

இரண்டாவது காரணம் கையெழுத்து. எடித்தின் பக்கங்கள் அச்செழுத்துக்கு மாற்றப்படாமல் அப்படியே படியெடுத்து வெளியிடப்பட்டன. அதனால் வேறொருவரின் குறிப்பேட்டை அருகில் அமர்ந்து பார்ப்பது போன்ற உணர்வு வாசகருக்கு ஏற்படுகிறது. தொலைதூர அதிசயங்கள் எவையும் இதில் இல்லை. வீட்டுக்கு அருகிலுள்ள வேலியும் குளக்கரையும் ஓராண்டு முழுவதும் கவனிக்கத் தகுந்தவை என்பதே நூல் தரும் பாடம்.

வெளியீடும் புகழும்

எடித் 1911-இல் சிற்பி எர்னஸ்ட் சுமித்தை மணந்தார். 1920 மார்ச்சில், லண்டன் கியூ பகுதியில் தேம்ஸ் ஆற்றங்கரையில் கஷ்கொட்டை மொட்டுகளைப் பறிக்க முயன்றபோது ஆற்றில் விழுந்து இறந்தார். அப்போது வயது 48.

குறிப்பேடு குடும்பத்தினரிடமே இருந்தது. எழுதப்பட்டு 71 ஆண்டுகளுக்குப் பின் உறவினர் ஒருவர் அதைப் பதிப்பாளரிடம் காட்ட, 1977-இல் நூலாகிப் பெரும் விற்பனை கண்டது. பல மொழிகளில் வெளிவந்தது. 1984-இல் தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. அதன் பூக்கள் பீங்கான் பாத்திரங்களிலும் துணிகளிலும் அச்சாயின.

பெயர் ஏற்படுத்திய மயக்கம்

நூலின் இன்றைய தலைப்பு பதிப்பாளர்கள் தந்தது. 'சீமாட்டி' என்ற சொல், ஓய்வுப் பொழுதைப் பூ வரைந்து கழித்த செல்வப் பெண்ணின் தோற்றத்தைத் தருகிறது. எடித்தோ முறையாகக் கலை பயின்று, நூல்களுக்குப் படம் வரைந்து, வகுப்பறையில் கற்பித்த தொழில்முறைக் கலைஞர். பல ஆண்டுகாலப் பயிற்சியால்தான் அப்பக்கங்கள் எளிமையாகத் தோன்றுகின்றன. தனக்கு வந்த புகழை அவர் அறியவில்லை. ஆயினும், மாணவியரைக் கவனித்துப் பார்க்கப் பழக்க எழுதிய குறிப்பேடு, அவர் காணாத வாசகர்களுக்கும் அதே பாடத்தைக் கற்பித்து வருகிறது.