தொலைந்துபோன பதில் கடிதங்கள்

போர் வரலாறு என்றாலே தளபதிகளின் பெயர்களும் தேதிகளும்தான் நினைவுக்கு வரும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரும் அப்படித்தான். லிங்கன், கிராண்ட், லீ என்று நாலைந்து பெயர்களோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் அந்தப் போரில் இறந்தவர்கள் சுமார் 6,20,000 பேர் என்பது நெடுநாள் கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2011இல் வந்த ஓர் ஆய்வு, அது 7,50,000 வரை இருக்கலாம் என்றது. இத்தனை பேரும் என்ன நினைத்துக்கொண்டு போருக்குப் போனார்கள்? அதைச் சொல்பவை அவர்கள் எழுதிய கடிதங்கள்தான்.

வெள்ளைக்காரச் சிப்பாய்களில் வடக்கே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேலும், தெற்கே எண்பது பேருக்கு மேலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அதைவிட முக்கியம், பிற்கால உலகப் போர்களில் இருந்ததுபோல் சிப்பாயின் கடிதத்தை அதிகாரி படித்து வரிகளை அடிக்கும் வழக்கம் அப்போது இல்லை. அதனால் மனதில் பட்டதை எழுதினார்கள். ஜேம்ஸ் மெக்ஃபர்சன் என்ற வரலாற்றாசிரியர் சுமார் 25,000 கடிதங்களைப் படித்து, சிப்பாய்கள் ஏன் போரிட்டார்கள் என்று 1997இல் ஒரு நூலே எழுதினார்.

தபால்தலை இல்லாத கடிதம்

வடக்கே அரை அவுன்ஸ் கடிதத்துக்குத் தபால் கட்டணம் 3 சென்ட். முகாமில் தபால்தலை கிடைப்பது கஷ்டம். எனவே 1861 ஜூலையில் அரசு ஒரு சலுகை கொடுத்தது. உறையின்மேல் 'சிப்பாயின் கடிதம்' என்று எழுதித் தபால்தலை இல்லாமலே அனுப்பலாம், பெறுபவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தெற்கே 1862 ஜூலை முதல் கட்டணம் 10 சென்ட். காகிதப் பஞ்சம் வேறு. வந்த உறையையே பிரித்து, உட்புறம் வெளியே தெரியும்படி மடித்து மறுபடி அனுப்பினார்கள். சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள்கூட உறையாக மாறியது.

எழுதியது என்ன?

இந்தக் கடிதங்களில் புகழ்பெற்றது மேஜர் சல்லிவன் பாலூ 1861 ஜூலை 14 அன்று மனைவி சாராவுக்கு எழுதியது. நாட்டுப்பற்றும் மனைவிமேல் உள்ள அன்பும் அதில் மோதிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து நடந்த முதல் புல் ரன் போரில் காயம்பட்டு, அந்த மாதமே அவர் இறந்துபோனார். 1990இல் கென் பர்ன்ஸின் தொலைக்காட்சித் தொடரில் வாசிக்கப்பட்ட பிறகு அந்தக் கடிதம் அமெரிக்கா முழுவதும் பரவியது.

ஆனால் பாலூ ஒரு வழக்கறிஞர், மேடைப் பேச்சாளர். சாதாரணச் சிப்பாய் அப்படி எழுதவில்லை. காலுறை கிழிந்தது, வயிற்றுப்போக்கு, சம்பளம் இன்னும் வரவில்லை, மாட்டை விற்காதே, கடனைத் தீர்த்துவிடு. இவைதான் அவன் விஷயங்கள். சம்பளப் பணத்தையும் கடிதத்துக்குள்ளேயே வைத்து அனுப்பினான், வழியில் அது திருடும் போனது. அமெரிக்காவில் மணியார்டர் முறை 1864 நவம்பரில் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலிருந்து வந்தவை

தெற்கே விலைவாசி ஏறியபோது, தனியாக நிலத்தைப் பார்த்துக்கொண்ட பெண்கள் புருஷனுக்குப் பசியைப் பற்றி எழுதினார்கள். 1863 ஏப்ரல் 2 அன்று தலைநகர் ரிச்மண்டிலேயே ரொட்டிக்காகப் பெண்கள் கலவரம் செய்தார்கள். 'பிள்ளைகள் பட்டினி, வந்துவிடுங்கள்' என்ற ரீதியில் கடிதம் கிடைத்த சிப்பாய் எத்தனை நாள் முகாமில் இருப்பான்? பலர் சொல்லாமல் ஊர் திரும்பினார்கள். சிப்பாய்களுக்குச் சோகமாக எழுதாதீர்கள் என்று தென்பகுதிப் பத்திரிகைகள் பெண்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கடிதங்களுக்குப் பயந்தார்கள்.

இவ்வளவு பலமுள்ள அந்தக் கடிதங்களில் இன்று கிடைப்பவை குறைவு. வீட்டுக்கு வந்த கடிதம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. போர்முனைக்குப் போன கடிதம் மழையில் நனைந்தது, அடுப்பு மூட்டப் பயன்பட்டது, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று போருக்கு முன் எரிக்கப்பட்டது. ஆக நாம் கேட்பது பெரும்பாலும் பாதி உரையாடலைத்தான்.

எது தப்பிப் பிழைத்தது?

பாசத்தால் மட்டும் கடிதங்கள் காப்பாற்றப்படவில்லை. மகனை இழந்த தாய் பென்ஷன் வாங்க, அவன்தான் தன்னைக் காப்பாற்றினான் என்று நிரூபிக்க வேண்டும். 'இத்துடன் 10 டாலர் வைத்திருக்கிறேன்' என்பதுபோல் ஒரு வரி இருந்தால் அதுவே சாட்சி. மகனின் கடைசி நினைவான கடிதத்தையே அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்கள். அவை இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பென்ஷன் கோப்புகளுக்குள் இருக்கின்றன.

கறுப்பின மக்களின் நிலை இன்னும் மோசம். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே தென்மாநிலங்கள் பலவற்றில் குற்றம். அதையும் மீறி எழுதியவர் ஸ்பாட்ஸ்வுட் ரைஸ். மிசௌரி மாநிலத்தில் அடிமையாக இருந்து வடக்குப் படையில் சேர்ந்தவர். 1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் மருத்துவமனையில் இருந்தபடி, இன்னும் அடிமைகளாக இருந்த தன் மகள்களுக்கு, என்ன ஆனாலும் வந்து மீட்பேன் என்று எழுதினார். ஒரு மகளை வைத்திருந்த எஜமானிக்கும் எச்சரிக்கை எழுதினார். எஜமானி குடும்பத்தைச் சேர்ந்தவர்தான் அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். அவர் இரண்டு கடிதங்களையும் இணைத்து, இந்த ஆளை மாநிலத்தில் விடக்கூடாது என்று ராணுவத் தளபதிக்குப் புகார் அனுப்பினார். அந்தப் புகாரோடு சேர்ந்ததால்தான் ஒரு தகப்பனின் கடிதம் இன்று நம் கைக்கு வந்திருக்கிறது.

பழைய கடிதம் ஒன்றைப் படிக்கும்போது எழுதியது யார் என்பதோடு, அதை வைத்திருந்தது யார், எதற்காக என்றும் கேட்க வேண்டும். அடிமையாக இருந்த ஒரு தகப்பன் எழுதியதைப் படிக்க, அவரை விரட்ட நினைத்தவரின் புகார் வேண்டியிருந்தது. புகாரும் பென்ஷனும் இல்லாத வீடுகளில் எழுதப்பட்டவை அப்படியே போய்விட்டன.